இடது விளக்குக்குள் தண்ணீர்

பகல் பன்னிரண்டு மணிக்குள் வேனைத் திரும்பக் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்று வாகனச் சோதனை அதிகாரி அவளிடம் கறாராகச் சொல்லிவிட்டார். இடது முன்விளக்கின் உள்ளே ஆவி படிந்து, அடியில் தண்ணீர் தேங்கியிருந்தது. வெளிச்சம் சுவரில் கோடாக விழாமல் கலங்கலாகப் பரவியது. தகுதிச் சான்று கிடைக்காவிட்டால் வேனை எடுக்க முடியாது. ரத்தச் சுத்திகரிப்புக்குப் போகும் நான்கு பேர் மூன்று மணிக்கு அவளுக்காகத் தயாராக உட்கார்ந்திருப்பார்கள். ஆறு வருஷமாக அவள்தான் அவர்களை ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப்போகிறாள்.

மணி பத்தரை. வீட்டு வாசலில் விளக்கை மொத்தமாகக் கழற்றிக் கவிழ்த்தாள். ஒரு டம்ளர் தண்ணீராவது கொட்டியிருக்கும்.

"பிரஷர் பைப்பை நேரா லைட்டு மேலயே அடிச்சுக் கழுவுனா தண்ணி போகாம என்ன செய்யும்?" என்றான் கணவன். வீடுகளுக்கு வயரிங் செய்பவன். ஒரு வாரமாக இதே பாட்டு.

அவள் விளக்கை உதறி மிச்சத் தண்ணீரையும் வடித்தாள்.

அழகு நிலையம் வைத்திருக்கும் நாத்தனார் தலைமுடி உலர்த்தும் மெஷினோடு ஓடிவந்தாள். "சீக்கிரம் அண்ணி! கடையில ஒருத்தி ஈரத்தலையோட உட்கார்ந்திருக்கா. தும்ம ஆரம்பிச்சிட்டா."

பல்பு மாட்டும் ஓட்டை வழியாகச் சூடான காற்றைக் கணவன் செலுத்தினான். ஆவி நடுவிலிருந்து விலகியது. அவசரத்தில் அவன் மெஷினை இன்னும் உள்ளே நுழைத்தான். பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது.

"தள்ளிப் பிடிங்க! உருகுது!"

உள்ளே ஓரத்தில் சின்னதாக ஒரு சுருக்கம் விழுந்துவிட்டது. விளக்கு ஆறியதும் ஆவி மறுபடியும் படிந்தது. மணி பதினொன்று.

அவள் விளக்கைத் திருப்பிப் பின்பக்கத்தை விரலால் தடவினாள். காற்று போய்வருவதற்கான இரண்டு சிறு துளைகளும் வெள்ளைப் பசையால் அடைபட்டிருந்தன. குளியலறை இடுக்குகளை அடைக்கும் பசை. வீட்டில் அதைத் தொடுகிற ஆள் ஒருவன்தான்.

"இது யாரு வேலை?"

அவன் தரையைப் பார்த்தான். "தண்ணி போயிடக் கூடாதேன்னுதான்... ரெண்டு மாசம் முன்னாடி."

"லைட்டு சூடாகி ஆறும்போது காத்து எங்க போகும், எங்க வரும்? வழியில்லாம பல்பு மூடி இடுக்குல ஈரத்தை இழுத்திருக்கு. ஒரு வாரமா என்னைத் திட்டித் தீர்த்தீங்களே!"

நாத்தனார் தன் கொண்டை ஊசியை உருவி நீட்டினாள். சண்டைக்கு நேரமில்லை. அவள் ஊசியை வாங்கிப் பசையைத் துணுக்குத் துணுக்காகக் குத்தி எடுத்தாள். மெஷினைத் தானே வாங்கி, தள்ளிப் பிடித்து, பொறுமையாக உலர்த்தினாள். பிசகியிருந்த ரப்பர் வளையத்தைச் சரியாக உட்காரவைத்து மூடியைத் திருகி, விளக்கை வேனில் மாட்டினாள்.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது சோதனை நிலையத்துக்குள் நுழைந்தார்கள். அதிகாரி விளக்கின் மேல் குழாயால் தண்ணீர் அடித்தார். பிறகு விளக்கைப் போடச் சொல்லிக் காத்திருந்தார். ஓரத்தில் மெல்லிய மூட்டம் எழுந்தது. மூட்டம் நகம் அளவுக்குச் சுருங்கி, மறைந்தது.

அதிகாரி குனிந்தார். "உள்ள என்னம்மா சுருக்கம்? என்ன பண்ணீங்க இதை?"

அவள் வாயைத் திறப்பதற்குள் கணவன் முன்னால் வந்தான். "நான்தான் சார். காத்து ஓட்டையை அடைச்சதும் நான், சூட்டுல உருக்குனதும் நான். என்ன கோளாறுன்னு கண்டுபிடிச்சது இவ."

அதிகாரி சுவரில் விழுந்த வெளிச்சத்தை இரண்டு முறை அளந்தார். "கோடு நேராத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு முத்திரையைக் குத்தினார்.

வேனில் ஏறியதும் கணவன் தொண்டையைச் செருமினான். "வலது பக்கத்தையும் அடைச்சு வச்சிருக்கேன்."

அவள் ஸ்டீயரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டாள். சிரிப்பு வந்துவிட்டது. "நாளைக்குக் காலையில அந்தப் பசையை நான் எடுக்கிறேன். நீங்க பக்கத்துல நின்னு பாருங்க, போதும்."

முதல் வீட்டு வாசலில் அவள் ஹாரன் அடித்தபோது மூன்றாக இன்னும் இரண்டு நிமிஷம் இருந்தது.