கரைக்கு வராத கப்பல்

“பாஸ்போட்டைக் கப்டன் வாங்கி வைச்சிட்டார், அஞ்சு. பத்திரமா இருக்கட்டுமாம்.”

“நல்லது. உங்களிட்ட இருந்தா துலைச்சுப்போடுவியள். இறக்கக்கண்டிக் கடலில கலியாண மோதிரத்தையே விட்டிட்டு வந்த ஆள்தானே!”

“அதை நீ இன்னும் விடேல்லையா?”

மீன்பிடிக் கப்பலில் வேலைக்கு ஏறியிருந்த கணவன் சுகந்தன் தொலைபேசியில் சிரித்தான். அஞ்சலினாவும் சிரித்தாள். இரண்டு வருடங்களுக்கு முந்திய பேச்சு அது.

ஒப்பந்தம் ஒன்பது மாதத்துக்குத்தான். ஆனால் அந்த வெளிநாட்டுச் சூரைமீன் கப்பல் எந்தத் துறைமுகத்துக்கும் வருவதில்லை. நடுக்கடலில் வேறொரு கப்பல் வந்து எண்ணெயும் அரிசியும் கொடுத்து, மீனை ஏற்றிக்கொண்டு போகும். மீன் கரைக்கு வரும், பிடித்தவர்கள் வருவதில்லை. ஐந்து மாதங்களுக்கு முன் யாருடைய தொலைபேசியிலிருந்தோ ஒரு வரி வந்தது: “இறங்கக் கேட்டன், பாஸ்போட்டைத் தாறானில்லை.” அதன் பிறகு ஒன்றுமில்லை.

அந்த மீன் வந்து இறங்குவது திருகோணமலைத் துறைமுகத்தில், அவள் எழுதுவினைஞராக இருக்கும் மீன் பதனிடும் தொழிற்சாலைக்கே. பெட்டிகளில் கப்பலின் பெயர் இருக்கும். யாரும் பார்க்காத நேரத்தில் உறைந்த மீனொன்றைத் தொட்டுப் பார்ப்பாள். விரல் மரத்துப்போகும்வரை கையை எடுக்கமாட்டாள்.

அலுவலகத்தில் அவள் சொல்லியிருந்ததெல்லாம், “அவர் வெளிநாட்டில” என்பது மட்டுமே. எந்தக் கப்பல் என்று சொல்லிவிட்டால் கப்டன் அவனை என்ன செய்வானோ என்ற பயம். கப்பலோடு கொடுக்கல்வாங்கல் முறிந்தால் மீன் வெட்டும் கிண்ணியாப் பெண்கள் வேலையை இழப்பார்கள் என்ற பயம் வேறு.

இன்று, கட்டாய வேலை பற்றிச் சட்டம் கேட்கும் ஆண்டறிக்கையைக் கையெழுத்துக்குக் கொண்டுபோனாள். ‘எமது தொழிற்சாலையில் எவரும் கட்டாயத்தின்பேரில் வேலை செய்யவில்லை.’ அவளே தட்டச்சு செய்த வரி. பொய்யுமல்ல.

“கப்பல்களைப் பற்றி ஒண்டும் இல்லையே, சேர்?”

முகாமையாளர் இராஜநாயகம் கெட்டவரல்லர். தேவாலயத்தில் அவள் மகளின் முதல் நன்மைச் சடங்குக்குச் சட்டைத்துணி வாங்கிக் கொடுத்தவர்.

“சட்டம் கேக்கிறதுக்கு எழுதியாச்சுப் பிள்ளை. கேக்காததுக்கு நாங்கள் ஏன் வாயைக் குடுப்பான்? கடலில நடக்கிறதைச் சூரைமீனிட்டயா விசாரிக்கிறது?”

தன் பகிடிக்குத் தானே சிரித்தபடி பேனையைத் திறந்தார். யன்னலுக்கு வெளியே சுகந்தனின் கப்பல் பெயர் போட்ட பெட்டிகள் இறங்கிக்கொண்டிருந்தன. சொன்னாலும் ஒன்றும் நடக்காது என்றுதான் அவளுக்குப் பட்டது. இருந்தும் அறிக்கையின் மேல் கையை வைத்தாள்.

“சேர், அந்த மீனைப் பிடிச்ச கப்பலில என்ட மனுசன் இருக்கிறார். ஆக்களைக் கரையில இறக்கினாத்தான் மீனை எடுப்பம் எண்டு சொல்லுங்கோ.”