வெள்ளிக்கிழமைப் புடிங்

வெள்ளவத்தையில் நான் வாடகைக்கு இருந்த அறையில் அடுப்பு வைக்கக் கூடாது. அது வீட்டுக்காரி ஜெகதீஸ்வரி அன்ரியின் சட்டம். சோறு, கோழிக்கறி எல்லாம் எனக்கு மைக்ரோவேவில்தான். "அதில சூடாக்கலாம் பிள்ளை, சமைக்கேலாது" என்று தினமும் குத்திக்காட்டுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவருடைய ஒரே மகன் லவன் ஏஜென்சிக்காரனை நம்பி இத்தாலிக்குப் படகேறியிருந்தான். அதன்பிறகு தகவலே இல்லை. அவன் கரைசேரும்வரை வெள்ளிக்கிழமைகளில் பகல் முழுக்கப் பட்டினி, பொழுதுபட்டால் சைவச் சாப்பாடு என்று அன்ரி நேர்ந்திருந்தார்.

வெள்ளிகளில் நானும் மீன், இறைச்சி தொடமாட்டேன். ஆனால் அந்த வெள்ளி, ரோஷத்தில், மைக்ரோவேவிலேயே கரமல் புடிங் செய்தேன். உடையாமல் இறுகி வந்தது. அன்ரி விரதம் முடித்த கையோடு கொண்டுபோய் நீட்டினேன். ஒரு கரண்டி வாயில் வைத்தார். பிறகு கிண்ணத்தையே வழித்துச் சாப்பிட்டார்.

"நல்லாத்தான் இறுகியிருக்கு. கடல்பாசியே போட்டனீர்?"

"சும்மா போங்கோ அன்ரி, கடல்பாசி எதுக்கு? நாலு முட்டை!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தேன்.

திட்டுவார் என்று நின்றேன். அவர் திட்டவில்லை. கரண்டியை மெதுவாகக் கிண்ணத்துக்குள் வைத்துவிட்டுச் சாமிப்படத்தைப் பார்த்தார்.

மேசையில் அவருடைய போன் அடித்தது. வெளிநாட்டு இலக்கம்.

அன்ரி கையை நீட்டவில்லை.

"நீரே எடும் பிள்ளை" என்றார்.