மீந்துபோன குருத்தோலை

செல்வமேரிக்கு எதையும் வீணாக்கத் தெரியாது. முந்தாநாள் குழம்பைக்கூடச் சுண்டவைத்து மூன்றாம் நாளும் பரிமாறுகிறவள். அப்படிப்பட்டவளிடம் ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறு முடிந்து ஒரு கூடை ஓலை மீந்தால் சும்மா விடுவாளா? அதுவும் ஃபாதர் மந்திரித்த ஓலை. குப்பையில் போட்டால் பாவம். உட்கார்ந்து சிலுவை சிலுவையாக மடித்தாள். மடித்ததைத் தெருவுக்கே கொடுத்தாள்.

பிள்ளைப்பாக்கத்துக்குப் பக்கத்தில், கம்பெனி மதிலை ஒட்டிய அந்தத் தெருவில் கிறிஸ்தவ வீடு நாலே நாலு. மற்ற வீட்டுக்காரர்கள் ஒரு காலத்தில் நெல் போட்டவர்கள். நிலம் கம்பெனிக்குப் போன பிறகு பிள்ளைகள் ஷிஃப்டுக்குப் போகிறார்கள். நாலு வீடும் வாரம் ஒருமுறை கூடி ஜெபம் சொல்வதற்கு அன்பியம் என்று பெயர். அன்பியம் நாலு சுவருக்குள்ளேயே இருந்தால் அது அன்பு இல்லை, அடுத்த வீட்டுக்கும் போக வேண்டும் என்று ஃபாதர் பிரசங்கத்தில் சொல்லியிருந்தார். செல்வமேரி எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை.

முதலில் கேட்டு வாங்கியது எதிர்வீட்டு சுந்தராம்பாள். அவள் ஒரே மகன் புருஷோத்தமனுக்கு கம்பெனியில் தகடு அழுத்தும் பிரஸ் லைனில் கான்ட்ராக்ட் வேலை. அந்த மாதம்தான் அவன் பக்கத்து மிஷினில் ஒரு பையனுக்கு இரண்டு விரல் போயிருந்தது. அன்றிலிருந்து சுந்தராம்பாளுக்குத் தூக்கம் இல்லை. மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்தாள், வாசலில் எலுமிச்சம்பழம் கட்டினாள், அது போதாமல் இதையும் கேட்டாள். எந்தச் சாமி பார்த்தால் என்ன, பிள்ளைக்குக் கை இருந்தால் சரி என்பது அவள் கணக்கு. எலுமிச்சம்பழத்துக்கு மேலேயே ஓலைச் சிலுவையைச் செருகினாள். அதைப் பார்த்து மற்ற பெண்களும் கேட்டார்கள், செல்வமேரி வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஈஸ்டருக்குள் தெரு முழுக்க வாசலுக்கு ஒன்று ஆகிவிட்டது. செல்வமேரிக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

ஈஸ்டர் முடிந்த வாரம் பைக்கில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் ஓட்டினான், இன்னொருவன் வீடு வீடாக வாசலை ஃபோனில் படம் பிடித்தான். செல்வமேரியிடமே தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவிக் கொடுத்தான். சத்தம் போட்டிருந்தால்கூட அவள் பதிலுக்கு இரண்டு கொடுத்திருப்பாள். அந்த மரியாதைக்கு என்ன கொடுப்பது? டம்ளரை இன்னொரு தடவை கழுவிக் கவிழ்த்தாள்.

சுந்தராம்பாளிடம், எப்போது மதம் மாறினீர்கள் என்று கேட்டான். மாறவில்லையே, போன வாரம்தான் அம்மனுக்குப் பொங்கல் வைத்தேன் என்றாள் அவள். அவன் சிரித்துக்கொண்டான்.

"ஞாயித்துக்கெயம ஆளுங்களோட வந்து பேசறோம்மா. வூட்லயே இருங்க."

சாயங்காலத்துக்குள் அந்தப் படங்கள் ஷிஃப்ட் பஸ்ஸில் எல்லார் ஃபோனிலும் இருந்தன. ஒரு தெருவே மாறிவிட்டதாம், அரிசி மூட்டை கொடுத்து மாற்றினார்களாம். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கூடவே வேறெங்கோ ஒரு ஜெபக்கூடத்தின் கதவை உடைக்கிற வீடியோவும் வந்தது. செல்வமேரியின் கணவன் அருள்நாதன் அதை மூன்று தடவை பார்த்தான். அவன் கம்பெனியில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன், அதிகம் பேசமாட்டான். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்று மட்டும் சொன்னான்.

சனிக்கிழமை ஃபாதர் நாலு வீட்டாரையும் கூப்பிட்டார். வெளியே இருப்பதை எல்லாம் கொஞ்ச நாளைக்கு உள்ளே வையுங்கள், மற்றவர்களிடமும் பக்குவமாகச் சொல்லித் திருப்பி வாங்கிவிடுங்கள் என்றார். அடுத்த வீட்டுக்குப் போகச் சொன்ன அதே வாய்தான். பாவம், அவர் யார் முகத்தையும் பார்த்துச் சொல்லவில்லை.

செல்வமேரி தன் வாசல் சிலுவையை முதலில் எடுத்தாள். ஆணி மட்டும் நின்றது. பிறகு கூடையை எடுத்துக்கொண்டு, கொடுத்த வீடுகளுக்கெல்லாம் திரும்பிப் போனாள். கொடுக்கப் போனபோது காப்பி போட்டவர்கள் இப்போது கதவைக் கால்வாசி திறந்து ஓலையை நீட்டினார்கள். ஒருத்தி ஏற்கெனவே சாக்கடையில் போட்டிருந்தாள். செல்வமேரிக்கு வெட்கமாக இருந்தது. பிச்சை எடுப்பதுகூட இதைவிட மேல் என்று தோன்றியது.

சுந்தராம்பாள் மட்டும் தரவில்லை. செல்வமேரி ஃபாதர் சொன்னதைச் சொன்னாள், வீடியோவைச் சொன்னாள், கடைசியில் கெஞ்சினாள்.

"உனுக்கு வேணான்னா நீ கயட்டிக்கோ மேரி. எம் புள்ள கை அந்த ஓலைலதான் கீது."

செல்வமேரி கூடையோடு திரும்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து உலை வைத்த நேரத்தில் பைக்குகள் வந்தன. இந்த முறை ஏழெட்டு. தெரு வெறிச்சோடிக் கிடந்தது. அருள்நாதன் கதவைத் தாழ்ப்பாள் போட்டான். எகிப்தில் வாசலில் அடையாளம் இருந்த வீட்டை விட்டுவிட்டுச் சாவு கடந்துபோனதாக வேதத்தில் இருக்கிறது. இங்கே அடையாளம் இருந்தது ஒரே ஒரு வீட்டில். எல்லா பைக்கும் அங்கேதான் நின்றன.

புருஷோத்தமன் ஓ.டி.க்குப் போயிருந்தான். சுந்தராம்பாள் தனியாக வாசலுக்கு வந்தாள். செல்வமேரி ஜன்னல் இடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தாள். இதை யார் கொடுத்தது என்று அன்றைக்குத் தண்ணீர் குடித்தவன் கேட்டான். சுந்தராம்பாளின் கண் ஒரு நொடிகூட எதிர்வீட்டுப் பக்கம் வரவில்லை.

"யாரும் குடுக்கல. நானேதான் செஞ்சேன்."

அவன் கோபப்படவில்லை. தெருவோரத் தென்னங்கன்றில் ஒரு கீற்றைக் கிழித்து அவள் கையில் கொடுத்தான்.

"அப்ப இன்னொண்ணு செஞ்சு காட்டும்மா."

ஃபோன்கள் எல்லாம் உயர்ந்தன. சுந்தராம்பாள் ஓலையை இப்படி மடித்தாள், அப்படித் திருப்பினாள். நாற்று நட்ட கைக்கு அது பிடிபடவில்லை. ஓலை கிழிந்தது. எவனோ சிரித்தான். தண்ணீர் குடித்தவன் பொறுமையாக இன்னொரு கீற்றைக் கிழித்து நீட்டினான்.

செல்வமேரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர்கள்மேல், ஃபாதர்மேல், தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நிற்கிற புருஷன்மேல், எல்லாரையும்விடத் தன்மேல். ஜன்னல் கம்பியில் அவள் விரல்கள் இல்லாத ஓலையைத் தாமாகவே மடித்துக்கொண்டிருந்தன. அருள்நாதனின் கையை விலக்கித் தாழ்ப்பாளைத் திறந்தாள். போகாதே என்று அவன் சொன்னது காதில் விழுந்தது.

தெருவைக் கடந்து போய், சுந்தராம்பாளின் கையிலிருந்து ஓலையை வாங்கினாள். மடித்தாள், கோத்தாள், இழுத்தாள். சிலுவை திருத்தமாக வந்தது. அதைச் சுந்தராம்பாளின் கையில் வைத்தாள்.

"ஏண்டி வந்த?" என்றாள் சுந்தராம்பாள், மெதுவாக.

தண்ணீர் குடித்தவன் ஃபோனை இறக்காமலே கேட்டான்.

"உங்க வூடு எதும்மா?"

அன்றைக்கு அவள் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்தவனுக்குத் தெரியாதா? ஆனாலும் கேட்டான். செல்வமேரி கையை நீட்டிக் காட்டினாள். ஃபோன்கள் எல்லாம் ஒன்றாக அந்தப் பக்கம் திரும்பின. திறந்த கதவுக்கு மேலே வெறும் ஆணி. அதற்குக் கீழே அருள்நாதன் நின்றுகொண்டிருந்தான்.