மூச்சுவிடும் அரங்கம்

பொறியாளருக்குத் தன் சகலை மேல் பொறாமை என்று யாராவது சொன்னால் அவர் வாய்விட்டுச் சிரிப்பார். பொறாமைப்பட அங்கே என்ன இருக்கிறது? சகலை கட்டடங்கள் வரைகிறவர். நகரசபைக்கு ஒரு பேட்மிண்டன் அரங்கம் வரைந்து கொடுத்தார். ஏசி கிடையாது, பகலில் விளக்கு கிடையாது; கூரையில் சூரியத் தகடுகள், தரைக்கடியில் மழைநீர்த் தொட்டி. பத்திரிகைக்காரர்கள் அதற்கு 'மூச்சுவிடும் அரங்கம்' என்று பெயர் வைத்தார்கள். வரைந்தவருக்குப் 'பசுமைச் சிற்பி' என்று பெயர் வைத்தார்கள். அவ்வளவுதானே. இதில் பொறாமைப்பட எதுவுமே இல்லை என்பதைப் பொறியாளர் தினமும் யாரையாவது பிடித்து நிறுத்தி விளக்கிக்கொண்டிருந்தார்.

போதாத வேளை, அந்த அரங்கத்தைப் பராமரிக்கும் வேலை அவர் தலையிலேயே விழுந்தது. சாக்கடைப் பிரிவிலிருந்து மாற்றிப் போட்டார்கள். சிற்பி வரைந்துவிட்டுப் போய்விட்டார். துடைப்பது இவர் பாடு. சூரியத் தகடுகளில் புறா எச்சம். மழைநீர்த் தொட்டியில் கொசு. தண்ணீரே தேவைப்படாத கழிப்பறையைப் பற்றிச் சிற்பி ஒரு மாநாட்டில் முழுதாக ஒரு மணி நேரம் பேசியிருந்தார். மாநாட்டுக்கு நாற்றம் போகவில்லை. அது பொறியாளரின் அறைக்குத்தான் வந்தது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மாமனார் வீட்டுக்கு யாராவது விருந்தாளி வரும்போதுதான் தாங்க முடியாது.

"இவர் எங்க சின்ன மாப்பிள்ளை. அந்த அரங்கத்தைக் கட்டினவர்" என்பார் மாமனார், முகமெல்லாம் பல்லாக. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "இவர் பெரிய மாப்பிள்ளை. அங்கயேதான் இவருக்கும் வேலை."

ஏதோ சின்னவர் சொல்லிப் பெரியவருக்கு வேலை வாங்கிக் கொடுத்தது போல.

ஆனால் பொறியாளரிடம் ஒரு ரகசியம் இருந்தது. அரங்கத்தின் மேற்குச் சுவர் முழுக்கச் சாய்வான பலகைகள், ஒன்றன்மேல் ஒன்றாக. லூவர் என்பார்கள். அவற்றின் வழியாகத்தான் அரங்கம் மூச்சுவிட்டது. மதியத்துக்கு மேல் மேற்கிலிருந்து காற்று கிளம்பும். அரங்கம் ஆழமாக மூச்சை இழுக்கும். அதோடு ஷட்டிலும் போகும். இறகும் தக்கையுமாக இருக்கிற அந்தச் சின்னப் பொருளுக்குப் பசுமையும் தெரியாது, சிற்பியும் தெரியாது. காற்று போகும் பக்கம் அதுவும் போகும். நீச்சல் குளம் வரைந்து, அதில் தண்ணீர் நிற்க வழி வைக்காதது மாதிரியான தப்பு இது. பேட்மிண்டன் ஆடத் தெரிந்த ஒருவரை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். சிற்பி யாரையும் கேட்கிற வழக்கமில்லை.

அரங்கம் திறந்த முதல் வாரமே பொறியாளர் இதைக் கண்டுபிடித்துவிட்டார். மதியமானதும் சுவரோரக் கைப்பிடியைச் சுழற்றி மேற்குப் பலகைகளை மூடுவார். கூரையோரத் திறப்புகள் மட்டும் இருக்கும். உள்ளே கொஞ்சம் புழுங்கும், ஆனால் ஷட்டில் நேராகப் போகும். யாரும் குறை சொல்லவில்லை. எல்லோரும் சிற்பியைப் புகழ்ந்தார்கள். பொறியாளர் வாயைத் திறக்கவில்லை. பட்டுச்சேலையைப் பீரோவில் வைத்துக் காப்பது போல அந்தத் தப்பை ஒரு நல்ல நாளுக்காகப் பத்திரப்படுத்தி வைத்திருந்தார்.

விஷயம் தெரிந்த இன்னொரு ஆள் அவர் மகள். மாலையில் அங்கேதான் பயிற்சி. மூட மறந்திருந்தால் வலைப்பக்கத்திலிருந்தே ஒரு குரல் வரும்: "அப்பா, காத்து!" அவர் எழுந்துபோய்ச் சுழற்றுவார். அசையாத அந்தக் காற்றில்தான் அவள் தன் ஆட்டத்தைச் செதுக்கியிருந்தாள்: உயரத் தூக்கி, எதிராளியின் கடைசிக் கோட்டில் போய் உட்கார வைக்கும் நீண்ட அடி.

நல்ல நாள் வந்தது. பசுமை விருதுக் குழு அரங்கத்தைப் பார்க்க வருகிறது. அன்று காலையிலேயே மாவட்ட இறுதிப் போட்டி, மகள் ஆடுகிறாள். ஜெயிப்பவளுக்கு மாநில அணியில் இடம். ஒரே இடம்தான், அவள் வயதுப் பிரிவில் இதுதான் கடைசி வருடம். குழு வருவதோ மதியம். அவர்களுக்காக நகரசபைக் கமிஷனரும் வங்கி மேலாளரும் ஒரு காட்சிப் பந்தயம் ஆடுவதாக ஏற்பாடு.

பொறியாளர் அலமாரியிலிருந்து சிற்பி எழுதிய பராமரிப்புக் கையேட்டை எடுத்துத் தூசி தட்டினார். 'மேற்குப் பலகைகள் எந்நேரமும் திறந்தே இருத்தல் வேண்டும். கட்டடத்தின் மூச்சை மனிதர் தடுக்கலாகாது.'

"தடுக்க மாட்டேன் ராசா" என்றார் பொறியாளர், கையேட்டிடம். கமிஷனர் அடிக்கும் ஷட்டில் குழுத் தலைவியின் மடியில் போய் விழுவதை நினைத்தபோது அவருக்குக் காபிகூட இனித்தது.

"என்ன, காலங்காத்தால சிரிப்பு?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல. இன்னிக்கு எல்லாம் உன் தங்கச்சி வீட்டுக்காரர் எழுதின மாதிரியே நடக்கும்."

"அவர் பேரச் சொல்லிட்டு நீங்க சிரிச்சு நான் பாத்ததே இல்லையே. உடம்பு சரியில்லையா?"

அரங்கத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் சிற்பியின் போன் வந்தது.

"அண்ணா, ஒரு நல்ல சேதி. ஃபைனலை மத்தியானத்துக்கு மாத்திட்டேன்."

"எந்த ஃபைனல்?"

"நம்ம பாப்பாவோடதுதான். கமிஷனர் தொப்பையைத் தூக்கிக்கிட்டு ஆடறதப் பாத்து யாரு விருது குடுப்பா? நம்ம பொண்ணு ஆடட்டும். நான் வரைஞ்சேன், அவ ஆடறா, நீங்க பாத்துக்கறீங்க. குடும்பமே ஒரே ஃபோட்டோவுல!"

அந்த வரிசையில் தான் கடைசியாக வந்ததைப் பொறியாளர் கவனிக்கத் தவறவில்லை.

மதியம் காற்று கிளம்பியது. மகள் மட்டைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தாள். பலகைகளை ஏறிட்டுப் பார்த்தாள்.

"அப்பா, காத்து."

"பாத்துக்கறேன், நீ போ."

அவள் போய்விட்டாள். அதற்குமேல் கேட்க வேண்டிய அவசியம் அவளுக்கு என்றைக்குமே இருந்ததில்லை.

பொறியாளர் கைப்பிடியில் கை வைத்தார். நாலு சுற்றுச் சுற்றினால் மூடிக்கொள்ளும். நிச்சயமாக மூடத்தான் போனார். அந்த நேரம் பார்த்துச் சிற்பி குழுவோடு உள்ளே நுழைந்தார். கசங்கிய பருத்திச் சட்டை. அளவோடு அழகாகக் கசங்கியிருக்கும்படி அதைத் தேய்க்க யாரோ நிறையப் பாடுபட்டிருக்க வேண்டும்.

"இங்க காத்துங்கறது ஒரு விருந்தாளி மேடம்" என்றார் சிற்பி. "கதவைத் தட்டாம வரும்."

குழுத் தலைவி கண்களை மூடி, முகத்தை மேற்கே திருப்பி, "ஆஹா" என்றார். உறுப்பினர்கள் இருவரும் தங்கள் கண்களையும் மூடிக்கொண்டார்கள்.

அந்த 'ஆஹா'வைப் பொறியாளரால் தாங்க முடியவில்லை. முதல் செட் மட்டும் திறந்திருக்கட்டும். ஷட்டில் ஆடும் ஆட்டத்தை இவர்கள் ஒருமுறை பார்க்கட்டும். பிறகு மூடிவிட்டால் போயிற்று. மகள் கெட்டிக்காரி, சமாளிப்பாள். கை தானாகவே கைப்பிடியை விட்டு இறங்கியது.

மகள் உயரத் தூக்கினாள். கடைசிக் கோட்டில் விழ வேண்டியது கோட்டைத் தாண்டி விழுந்தது. அடுத்ததைக் குறைத்து அடித்தாள்; அது பக்கவாட்டில் போனது. எதிரே ஆடிய நெட்டைப் பெண் தகரக் கொட்டகையில் ஆடி வளர்ந்தவள், காற்றோடு பழகியவள். எதையும் தூக்காமல், வலைக்கு மேலே தாழ்வாகத் தட்டிக்கொண்டே இருந்தாள். மகள் ஒவ்வொரு முறை புள்ளியை விட்டபோதும் மேற்குச் சுவரைப் பார்த்தாள், பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

பொறியாளர் குழுவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன அது, பந்து இப்படி வளைஞ்சு வளைஞ்சு போகுது?" என்றார் தலைவி.

வந்துவிட்டது என்று நினைத்தார் பொறியாளர்.

"அதான் மேடம் அழகே" என்றார் சிற்பி, கண்ணிமைக்காமல். "மத்த அரங்கத்துல ரெண்டு பேர் ஆடுவாங்க. இங்க மூணு பேர். இயற்கையும் ஆடுது."

"அற்புதம்!" என்றார் தலைவி. உறுப்பினர்கள் கைதட்டினார்கள். குழுவில் ஒருவருக்கும் பேட்மிண்டன் தெரியாது. எல்லோரும் பசுமை தெரிந்தவர்கள்.

முதல் செட் போனது. பொறியாளர் ஓடினார். வியர்வையில் வழுக்கிய கைப்பிடியை மூச்சுமுட்டச் சுழற்றினார். பலகைகள் படபடவென்று படிந்தன. அரங்கம் அடங்கியது. இரண்டாவது செட்டில் மகளின் அடி உயர எழும்பிப் போய்க் கடைசிக் கோட்டிலேயே உட்கார்ந்தது. மறுபடி. மறுபடி. நெட்டைப் பெண் பின்னாலேயே ஓடி ஓடிக் களைத்தாள். புள்ளிகள் ஏறின. 'என் பொண்ணு' என்று பக்கத்திலிருந்த தண்ணீர்க் கேனிடம் சொன்னார் பொறியாளர்.

"நிறுத்துங்க!" நெட்டைப் பெண்ணின் பயிற்சியாளர் ஆடுகளத்துக்குள்ளேயே வந்துவிட்டார். "ஆட்ட நடுவுல யார் இதை மூடினது?"

நடுவர் திரும்பினார். "யாருங்க?"

"நான்தான். பராமரிப்பு" என்றார் பொறியாளர்.

"பராமரிப்பு மட்டுமா? அந்தப் பொண்ணோட அப்பா சார் இவரு! பொண்ணு தோத்ததும் மூடறாரு. நல்லா இருக்கே கதை!"

"மத்தியானத்துல எப்பவும் மூடறதுதான்..."

"அப்போ ஏன் முதல்லயே மூடல?" என்றார் நடுவர்.

பொறியாளர் கைப்பிடியைத் துடைக்க ஆரம்பித்தார். நடுவர் சிற்பியின் பக்கம் திரும்பினார். "சார், நீங்க சொல்லுங்க. திறந்திருக்கணுமா, மூடியிருக்கணுமா?"

சிற்பி குழுத் தலைவியை ஒருமுறை பார்த்துக்கொண்டு எழுந்து நின்றார். "எந்நேரமும் திறந்தே இருத்தல் வேண்டும்" என்றார், தன் வசனத்தைத் தானே ரசித்து. "கட்டடத்தின் மூச்சை மனிதர் தடுக்கலாகாது."

"அப்புறம் என்ன? திறங்க. தொடங்கினப்போ எப்படி இருந்துதோ கடைசிவரைக்கும் அப்படியே இருக்கட்டும். இந்த செட்டை முதல்லேர்ந்து ஆடுங்க."

பொறியாளரே திறந்தார். வேறு யாருக்கும் அந்தக் கைப்பிடி பிடிபடாது.

ஆட்டம் சீக்கிரமே முடிந்துவிட்டது. நெட்டைப் பெண்ணை அவள் பயிற்சியாளர் தூக்கிச் சுற்றினார். குழுத் தலைவி சிற்பியின் கையைப் பிடித்து நீண்ட நேரம் குலுக்கினார். "இப்படி ஒரு கட்டடத்தை இவ்வளவு நேர்மையா நடத்தறது யாரு?" என்று அவர் கேட்க, "எங்க சகலைதான் மேடம். சொந்தப் பொண்ணு ஆடினாலும் கையேட்டை மீற மாட்டார்" என்றார் சிற்பி. அதில் கிண்டல் துளியும் இல்லை. அதுதான் பொறியாளருக்கு இன்னும் எரிந்தது.

வெளியே படிக்கட்டில் மகள் காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அவர் பக்கத்தில் போய் நின்றார்.

"ஏம்ப்பா மூடல?"

"கையேட்டுல திறந்து வைக்கணும்னு..."

"கையேடு இன்னிக்குத்தான் வந்துதா?"

அவள் கழற்றிப் போட்ட காலணியை அவர் குனிந்து நேராக எடுத்து வைத்தார்.

"சித்தப்பா தப்பா வரைஞ்சிருக்காருன்னு காட்டணும்னா வாயால சொல்லியிருக்கலாமேப்பா" என்றாள். குரல் உயரவில்லை. "உங்களுக்கு என் ஆட்டம்தான் கெடச்சுதா?"

அதற்குள் சிற்பி காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். பெரிய கறுப்புக் கார். கண்ணாடிகள் இறுக ஏற்றியிருந்தன, உள்ளே ஏசி ஓடிக்கொண்டிருந்தது. "பாப்பா, வா, நான் வீட்ல விட்டுடறேன். அண்ணா எல்லாத்தையும் பூட்டிட்டு வர நேரமாகும்."

"இரு, பத்து நிமிஷத்துல நானே..." என்று தொடங்கினார் பொறியாளர்.

மகள் எழுந்து நடந்தாள். சிற்பி கையை நீட்டி முன்கதவைத் திறந்துவிட்டார். அந்தக் காரில் தன்னை எப்போதும் பின்சீட்டில்தான் உட்கார வைத்திருக்கிறார்கள் என்பதுதான் பொறியாளருக்கு முதலில் சுருக்கென்றது. கார் தெருமுனை திரும்பிய பிறகுதான், மகள் தன்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை என்பது உறைத்தது.