சண்பகத்தின் ‘ம்’

கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போன சண்பகத்தின் ‘ம்’ தூக்குவாளிக்குள் இருந்தது. மூடி இறுக்கமாக இருந்ததால் சிந்தவில்லை. பிரம்மநாயகம் அதைத் தூக்கிக்கொண்டு ஒலிப் பிரிப்பு அலுவலகத்துக்குப் போனார்.

முந்தின நாள் போனில் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். திரும்பி வந்துவிடுகிறாயா என்று. அவள் ‘ம்’ என்றாள். அது பேச்சு என்று அலுவலகம் சொன்னால் பஸ் போய் அவளைக் கூட்டிவரும். வெறும் சத்தம் என்றால் வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட வேண்டியதுதான். ஊர் வழக்கம் அப்படி.

வரிசையில் கூட்டமில்லை. நடைபாதைதான் நீண்டுகொண்டே போனது. யாராவது பெருமூச்சு விட்டால் ஒரு முழம் கூடியது. எல்லாரும் விட்டார்கள். முன்னால் நின்ற அம்மாள் ஜன்னலில் மூச்சுவிடாமல் தன் குறையைச் சொன்னாள். சத்தம் என்று முத்திரை குத்தினார்கள். அடுத்து நின்ற கணக்கு வாத்தியார் பாதி வழியிலேயே குக்கராகிவிட்டிருந்தார். விசில் அடித்தார். பேச்சு என்று குத்தி மரியாதையாக அனுப்பினார்கள். பிரம்மநாயகத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஜன்னலில் இருந்த பெண் மூடியைத் திறந்து காதை வைத்தாள்.

“சம்மதிச்சாளா, சும்மா ம் கொட்டுனாளா அண்ணாச்சி?”

“அதைக் கேக்கத்தானம்மா வந்திருக்கேன்.”

“வீட்டுல நீங்க பேசுறப்ப என்ன சொல்லுவா?”

“இதேதான்.”

“அப்ப என்ன அர்த்தம்?”

அவருக்குத் தெரியவில்லை. இத்தனை வருடம் விடாமல் பேசியவர், ஒரு நாளும் அதைக் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது.

“ஆறிப்போச்சு அண்ணாச்சி. சூடா இன்னொண்ணு வாங்கிட்டு வாங்க.”

நேற்று எடுத்ததே பெரிசு. சண்பகம் இனி போனை எடுக்கமாட்டாள். எரிச்சலில் நாக்கு தானாக மேலண்ணத்தில் அடித்தது. ‘ச்சு.’ சண்பகம் ஏதாவது சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் அவர் கொட்டுகிற அதே ‘ச்சு’.

அந்தப் பெண் அதை டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

“சுத்தமான பேச்சு அண்ணாச்சி. பிசிறே இல்ல.”

முத்திரை குத்தினாள். வாளியில் இருந்ததைக் கீழே ஊற்றிவிட்டு, இதை அதில் ஊற்றி மூடினாள்.

“அது நான் பேசினது இல்லம்மா” என்று பிரம்மநாயகம் கத்தினார். அதற்குச் சத்தம் என்று முத்திரை விழுந்தது.

வாசலில் பஸ் நின்றது. சண்பகத்துக்கென்று அவர் வரும்போதே துண்டு போட்டு வைத்திருந்த ஜன்னலோர இருக்கையில் வாளியை வைத்தார்கள். பஸ் அவள் ஊருக்குக் கிளம்பியது.