பதினேழு நாட்டுச் சுங்கம்

பதினேழு நாடுகளில் வாழ்ந்தவர் என்று அவர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வார். வாழ்ந்தவர் என்றால், சுற்றுலா விசா எத்தனை நாள் கொடுக்கிறதோ அத்தனை நாள் இருந்துவிட்டு, அது முடிகிற அன்றைக்குப் பக்கத்து நாட்டுக்குப் பஸ் ஏறியவர். இருபது வருடம் இப்படி. போன இடத்திலெல்லாம் இரண்டடுக்குக் கட்டிலில் மேல்தட்டுதான் கிடைத்தது என்பதாலோ என்னவோ, மனிதர்களை மேலிருந்து பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. கைச்செலவுக்கு விடுதிக்காரர்களின் விளம்பரங்களில் இங்கிலீஷ் பிழை திருத்திக் கொடுத்தார். அதற்கு 'சர்வதேச ஆலோசகர்' என்று அட்டை அச்சடித்து வைத்திருந்தார்.

முதுகுவலி வந்து, மூன்று நாள் என்று சொல்லி, அக்கா வீட்டு மாடியறைக்கு வந்தார். எட்டு மாதம் ஆகிறது.

கீழ்த்தளத்தில் அக்காவும் அவள் புருஷனும் நடத்துகிற தோல் கையுறைப் பட்டறை. இருபத்தாறு மெஷின். தோட்டவேலை செய்கிறவர்கள் போட்டுக்கொள்ளும் மெல்லிய ஆட்டுத்தோல் கையுறை. பதினொரு வருடமாக ஒரே நாட்டில் ஒரே வியாபாரிதான் மொத்தத்தையும் வாங்குகிறான். தையலும் ஆட்களும் அக்கா பொறுப்பு. கையெழுத்தும் கவலையும் புருஷன் பொறுப்பு. அவர் யாரிடம் பேச ஆரம்பித்தாலும், கரண்ட் பில் கணக்கெடுக்க வந்தவரிடம்கூட, "என் மச்சான் பதினேழு நாடு பாத்தவன்" என்று ஒருதடவை சொல்லாமல் விடமாட்டார். தையல்காரப் பெண்கள் அதையே சுருக்கிப் பெயராக வைத்துவிட்டார்கள். "பதினேழு எந்திரிச்சாச்சா?" "இல்லக்கா, எந்த நாட்டு நேரத்துல தூங்குதோ."

வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றிப் பதினேழுக்கு இருந்த கருத்துகளுக்கு அளவில்லை. அங்கே யாரும் சத்தமாகப் பேசமாட்டார்கள். அங்கே உழைப்புக்கு மரியாதை உண்டு. அங்கே முதலாளியும் தொழிலாளியும் ஒரே மேஜையில் சாப்பிடுவார்கள். இதையெல்லாம் அவர், அக்கா கொண்டுவந்து வைத்த தட்டில், தனியாக உட்கார்ந்து சாப்பிட்டபடி சொல்வார்.

அப்படி ஒரு நாளில்தான் அந்தச் செய்தி வந்தது. வாங்குகிற நாட்டுக்கும் நம் நாட்டுக்கும் ஏதோ மனஸ்தாபம். மேலே இருக்கிறவர்கள் எதற்கோ முறைத்துக்கொண்டார்கள். அடுத்த மாதம் ஒன்றாம் தேதிக்குப் பிறகு அந்தக் கரையில் இறங்குகிற நம் சரக்குக்கெல்லாம் பெரிய வரி. பட்டறையில் நாலாயிரம் ஜோடி தைத்து, அட்டைப்பெட்டியில் கட்டித் தயாராக இருந்தது. வியாழக்கிழமை கப்பலில் ஏற்றினாலும் நாலாம் தேதிதான் போய்ச் சேரும்.

வாங்குகிறவன் நல்ல மனுஷன். அன்றைக்கே எழுதியிருந்தான்: 'வரியில் பாதி நான் தாங்குகிறேன், பாதி நீங்கள் தாங்குங்கள். சரக்கை அனுப்புங்கள், அடுத்த ஆர்டரைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.'

"அனுப்பிடலாங்க," என்றாள் அக்கா. "இந்தத் தடவை நமக்கு ஒண்ணும் நிக்காது. ஆள் நிப்பான். நமக்கு அவன் ஒருத்தன்தான்."

புருஷன் மாடிப்படியைப் பார்த்தார். "எதுக்கும் மச்சானை ஒரு வார்த்தை கேட்டுடுவோம்."

மச்சான் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தார். கடிதத்தைப் படித்தார். அதிலிருந்த ஒரு இங்கிலீஷ் பிழையைச் சுட்டிக்காட்டினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

"மாமா, இது வரி இல்ல. இது உளவியல் யுத்தம். இதுல பயப்படறவன் தோத்தான்."

"சரி, பயப்படாம என்ன பண்றது?"

"மூணாவது நாடு. நான் நாலு மாசம் இருந்த ஊர். அவங்களுக்கு இந்த வரி கிடையாது. என் நண்பன் அங்க கிடங்கு வச்சிருக்கான். சரக்கை அவனுக்கு அனுப்பறோம், அவன் ஊர்ச் சரக்கா அங்கேர்ந்து போகுது. உள்ள இருக்கற லேபிளை மட்டும் மாத்தினா போதும். உலகம் பூரா இப்படித்தான் நடக்குது."

இடது கையுறையின் மணிக்கட்டு மடிப்பில், உள்பக்கமாக, எந்த நாட்டில் செய்தது என்று ஒரு சின்ன நீலத்துணி லேபிள் வைத்துத் தைப்பார்கள். அதைத்தான் சொன்னார்.

"பிரிச்சுட்டு வேற வைக்கணுமா?" என்றாள் அக்கா.

"ஆமாக்கா. பத்து நிமிஷ வேலை."

"டேய், இது சட்டைத்துணி இல்ல, கசக்கி இஸ்திரி போட்டா ஓட்டை மூடிக்கறதுக்கு. தோல்ல ஊசி போன இடம் போனதுதான். பிரிச்சா ஓட்டை வரிசையா பல்லு இளிக்கும். புது லேபிள் வச்சா ரெண்டாவது வரிசை. தூக்கிப் பாத்தா பச்சப்புள்ளைக்கும் தெரியும்."

"யாருக்கா தூக்கிப் பாக்கப் போறா?"

"சுங்கத்துல பாக்கமாட்டானா?"

பதினேழு சிரித்தார். கிணற்றுக்கு வெளியே ஒரு உலகம் இருப்பதை அறிந்தவரின் சிரிப்பு. "அக்கா, நான் பதினேழு நாட்டுச் சுங்கத்தைத் தாண்டினவன். இருபது வருஷத்துல ஒருத்தன், ஒரே ஒருத்தன்கூட, என் பையைத் திறந்து பாத்ததில்ல. அங்கெல்லாம் மனுஷனை நம்பறாங்க."

அவர் பையில் இரண்டு சட்டையும் ஒரு போர்வையும் தவிர எதுவும் இருந்ததில்லை. அது வெளியிலிருந்தே தெரியும் என்பதை யாரும் அந்த நேரத்தில் சொல்லவில்லை.

"அவளுக்கு ஊசி, நூல், அவ்வளவுதான் தெரியும்," என்று புருஷன் மச்சானைச் சமாதானப்படுத்தினார். பிறகு வாங்குகிறவனுக்கு, 'எங்கள் கூட்டாளி வேறொரு நாட்டில் தைத்து வைத்திருக்கும் சரக்கை அனுப்புகிறோம், வரிப் பிரச்சினை இல்லை' என்று எழுதச் சொன்னார். பதினேழு அழகான இங்கிலீஷில் எழுதினார். பிழையே இல்லை. வாங்குகிறவன், 'மிக்க மகிழ்ச்சி, உங்களை நம்புகிறேன்' என்று ஒரு வரி பதில் போட்டான்.

நாலு நாள் இருபத்தாறு பெண்களும் தைக்கவில்லை, பிரித்தார்கள். அவர்களில் கட்டைவிரல் என்று ஒருத்தி. கையுறையில் கட்டைவிரல் வளைவுதான் கஷ்டம். எட்டு வருடமாக அதை மட்டும் தைக்கிறாள், அதனால் அந்தப் பெயர். அவள் ஒரு கையுறையை உள்வெளியாகத் திருப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"அக்கா, இங்க பாரேன். சல்லடையா இருக்கு. மாவு சலிக்கலாம்."

"பேசாம பிரி."

"பதினேழு நாட்டுக்கு ஒரு ஓட்டைனு கணக்குப் போட்டாலும் மிச்சம் வருதுக்கா."

அக்கா சிரிக்கவில்லை. ஓட்டையை மறைக்க மெழுகு தேய்த்துப் பார்த்தாள். மெழுகு வெள்ளையாகக் கோடு போட்டு, கண் இல்லாதவனுக்கும் காட்டிக்கொடுத்தது. துடைத்துவிட்டாள்.

சரக்கு மூன்றாவது நாட்டுக்குப் போனது. கிடங்கு வைத்திருக்கிற நண்பன், விசாரித்தால், கிடங்கில் இரவுக்காவல் பார்க்கிற நண்பன் என்று தெரிந்தது. பதினேழு படுத்த கட்டிலின் கீழ்த்தட்டில் படுத்தவன். அவன் பாவம், தெரிந்த ஆளைப் பிடித்து, கெஞ்சி, காகிதம் வாங்கி, எப்படியோ கப்பல் ஏற்றிவிட்டான். "பாத்தியா மாமா, இதுதான் நெட்வொர்க்," என்றார் பதினேழு. பட்டறையில் ஒரு பாராட்டு விழா நடத்தாத குறை.

அந்தக் கரையில் இதற்கென்றே ஆள் போட்டிருந்தார்கள். மேலே முறைப்பு வந்த நாளிலிருந்து, மூன்றாவது நாட்டு வழியாக வருகிற பெட்டிகளைத்தான் முதலில் திறந்தார்கள். அதிகாரி ஒரு பெண். முதல் பெட்டியில், முதல் ஜோடியில், இடது கையுறையைத் திருப்பினாள். இரண்டு வரிசை ஓட்டை. ஒரு ஓட்டையில் பழைய லேபிளின் நீல நூல் ஒரு நெல் நீளத்துக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் படமெடுத்து, பெரிதாக்கி, அறிக்கையோடு அனுப்பியிருந்தார்கள். பட்டறையின் தையலை இதுவரை யாரும் இவ்வளவு அக்கறையோடு பார்த்ததில்லை.

நாலாயிரம் ஜோடியும் பறிமுதல். அதோடு போயிருந்தால் அக்கா தாங்கியிருப்பாள். வாங்குகிறவன் பெயரையும் சந்தேகப் பட்டியலில் ஏற்றிவிட்டார்கள். அவன் அக்காவுக்குத் தனியாக எழுதினான்: 'வரி எனக்குப் பெரிதில்லை. என்னிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். இனி எழுதவேண்டாம்.' பதினொரு வருடம், மூன்று வரி.

"இதைத்தான் நான் சொன்னேன்," என்றார் பதினேழு. என்றைக்குச் சொன்னார் என்று யாருக்கும் ஞாபகமில்லை. "வல்லரசுகளோட சண்டையில சின்னவங்கதான் நசுங்கறோம். நம்ம குடும்பம் வர்த்தகப் போரோட பலி."

"பலி நாங்க," என்றாள் அக்கா. "நீ மாடியில இருக்க."

வியாபாரிகள் சங்கத்தில் அவரை அழைத்து 'வரிகளும் வாழ்வும்' என்று ஒன்றரை மணி நேரம் பேச வைத்தார்கள். சொந்த அனுபவத்திலிருந்து பேசினார் என்று எல்லோரும் உருகினார்கள். ஓட்டை விஷயத்தை மட்டும் விட்டுவிட்டார். முன்வரிசையில் மாமா கைதட்டினார்.

அடுத்த மாதம் இருபது மெஷின் உறை போட்டு மூடப்பட்டது. வேறு வியாபாரி கிடைப்பானா என்று அக்கா எழுதாத இடமில்லை. பதில் இல்லை. கட்டைவிரலுக்கு மட்டும் ஒரு ஏஜென்ட் மூலமாக வேலை வந்தது, அதே மூன்றாவது நாட்டில். அங்கே புதிதாகக் கையுறைப் பட்டறைகள் முளைக்கின்றனவாம், கட்டைவிரல் தைக்க ஆள் இல்லையாம். அனுபவச் சான்றிதழ் வாங்க வந்தவளிடம் விஷயத்தைக் கேட்டுப் பதினேழு உற்சாகமாகிவிட்டார்.

"நல்ல முடிவும்மா. அங்க உழைப்புக்கு மரியாதை உண்டு."

"சார், ஒரு ரூம்ல எத்தனை பேர் போடுவாங்க?"

"அதெல்லாம் ஒரு அனுபவம்மா."

"பாஸ்போர்ட்டை நம்ம கையில தருவாங்களா, வாங்கி வச்சுப்பாங்களா?"

"நீ அந்தக் கலாச்சாரத்துக்குள்ள போகணும். கேள்வி கேட்டுக்கிட்டே போகக்கூடாது."

"உடம்புக்கு முடியலன்னா லீவு உண்டா சார்?"

பதினேழு ஜன்னல் பக்கம் பார்த்தார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்; கேலியில்லை, அவளுக்கு நிஜமாகவே தெரிய வேண்டியிருந்தது.

"நீங்க அங்க எங்க சார் வேலை பாத்தீங்க?"

இருபது வருடத்தில் இந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை. "நான் பார்வையாளன்மா," என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"சரி சார். அங்க போய் நானே தெரிஞ்சுக்கறேன்."

அக்கா பட்டறையின் பெயர் அச்சடித்த தாளை எடுத்து, எட்டு வருடம் கட்டைவிரல் தைத்தாள், ஒரு ஜோடிகூடத் திரும்பி வந்ததில்லை என்று தமிழில் எழுதி, ஒரு நிமிடம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். "இங்கிலீஷ்ல வேணும்னா நான்..." என்று தம்பி கையை நீட்டினார். அவள் தாளை மடித்துக் கட்டைவிரலின் கையில் கொடுத்தாள்.

"ஏஜென்ட்கிட்ட குடு, அவன் எழுதிப்பான். பாஸ்போர்ட்டை மட்டும் யாருக்கும் குடுத்துடாத. நகல் எடுத்து என்கிட்ட ஒண்ணு வச்சுட்டுப் போ."

கட்டைவிரல் கிளம்பிப் போனாள். மிச்சமிருந்த ஆறு மெஷினும் தோல் இல்லாமல் நின்றன. புருஷன் நாற்காலியை மச்சான் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"மச்சான், இந்த ஆறையும் வித்துடலாமா, வச்சுக்கலாமா? நீ என்ன நினைக்கற?"

பதினேழு கண்ணை மூடிக்கொண்டார்.