இரண்டாவது நான்கு மணி

பழனிசெட்டிபட்டியில் சசிதரனின் வீடியோ ஸ்டுடியோ இருக்கும் தெருவில் மட்டும் சாயங்காலம் நான்கு மணி இரண்டு முறை வந்தது. முதலாவது ஊர் முழுக்க வருகிற நான்கு மணிதான். அது ஐந்தைத் தொடப் போகும் சமயத்தில் வெயில் கொஞ்சம் பின்வாங்கி, மறுபடி நான்கு மணியின் இடத்தில் வந்து நின்றுகொள்ளும். தெருக்காரர்கள் இதை அதிசயமாகப் பேசியது முதல் வாரம் மட்டும்தான். டீக்கடை அம்மாவாசி இரண்டாவது நான்கு மணிக்கென்றே தனியாக ஒரு ஈடு உளுந்தவடை போட ஆரம்பித்தார். தையல்கடை அய்யம்மாள் அவசரமாகக் கேட்ட ஜாக்கெட்டுகளுக்கெல்லாம் அந்த நேரத்தில் கொக்கி வைத்தாள். பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் இந்தத் தெருவுக்குள் வந்து ஒரு டீ குடித்துவிட்டுப் போனால் அதே பஸ்ஸைப் பிடிக்கலாம் என்ற பேச்சு ஆண்டிபட்டி வரைக்கும் போயிருந்தது. அந்த நேரத்தில் பச்சை மரத்தூள் வாசனை அடிக்கும், எங்கிருந்தோ முசுறு எறும்பு வந்து கணுக்காலைப் பிடுங்கும். ஓசியில் வந்த நேரத்தில் குறை சொல்லக் கூடாது என்று எல்லோரும் காலை உதறிவிட்டுக்கொண்டார்கள். அது யாருடைய நேரம் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அது உத்தமபாளையத்தில் குடியிருந்த வேல்பாண்டியின் நேரம்.

வேல்பாண்டி மரவேலைக்காரன். தேனியிலிருந்து கூடலூர் வரைக்கும் யார் வீட்டு ஓட்டின் மேல் கிளை சாய்ந்தாலும், கரண்டுக் கம்பியில் தென்னை மட்டை உரசினாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அவன் மேலே ஏறி ரம்ப மிஷினைப் பிடிக்க, கீழே நின்று கயிற்றைப் பிடிப்பவள் அவன் மனைவி உமாதேவி. அவனுக்கு ஒரு பழக்கம். எந்த மரமானாலும் கை வைக்கும் முன் அதற்கு எதிரே துண்டை விரித்து உட்கார்ந்து, அதைச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பான். சில மரத்துக்கு ஒரு டீ நேரம், சில மரத்துக்கு மூன்று டீ நேரம். கூலிக்கு வந்த ஆள் குந்திக்கொண்டிருக்கிறானே என்று வீட்டுக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். அவன் அசைய மாட்டான். அப்படிப் பார்த்து முடிக்காமல் ஏறியதில்லை, அதனால் விழுந்ததும் இல்லை. இன்னொரு பழக்கமும் உண்டு. ராத்திரிச் சாப்பாட்டுத் தட்டில் கை வைத்ததும் அன்றைய வேலையை முதலிலிருந்து புலம்புவான். எறும்பு கடித்தது, கயிறு சிக்கியது, வீட்டுக்காரம்மா காய் ஒன்று குறையுது என்று சண்டைக்கு வந்தது, உச்சியிலிருந்து மேகமலைப் பக்கம் மழை இறங்குவதைப் பார்த்தது. உமாதேவி பகல் பூராவும் கூடவே இருந்தவள்தான். ஆனாலும் மேலே நடந்தது வேறு, கீழே நடந்தது வேறு என்பதால் முழுவதையும் கேட்பாள். அவர்கள் குடும்பம் நடத்தியது பெரும்பாலும் அந்தப் புலம்பலில்தான்.

சசிதரன் உமாதேவியின் தம்பி, கல்யாண வீடியோ எடுப்பவன். ஆடி மாதம் முகூர்த்தம் கிடையாது, கேமராவும் அவனும் ஈயோட்டிக்கொண்டிருந்தார்கள். அதே ஆடியில்தான் கணவாய் வழியாக வருகிற காற்று பள்ளத்தாக்கு மரங்களையெல்லாம் முறித்துப் போட்டு, வேல்பாண்டிக்குத் தலைக்கு மேல் வேலை வைக்கும். ஒரு நாள் சும்மா பொழுதுபோக்கக் கூடப் போனவன், சின்னமனூரில் ஒரு புளியமரத்தில் கிளை கழித்ததைப் படம் பிடித்தான். அவனுக்குத் தெரிந்த கலை கல்யாணக் கலை. ஆகவே வேல்பாண்டி மாப்பிள்ளை மாதிரி மெதுவாகத் திரும்பினான், காற்றில் முடி பறந்தது, ரோஜா இதழ்கள் கொட்டின, பின்னால் ஒரு பாட்டு உருகியது, கிளை பட்டுச்சேலை நழுவுவது போல இறங்கியது. நான்கே நிமிடம். அதை நெட்டில் ஏற்றினான், லட்சக்கணக்கில் பார்த்தார்கள். கம்பம் ஊரில் ஒரு ஸ்கூல் டீச்சர், மரம் வெட்டுவதைப் பார்த்து இவ்வளவு அழுததில்லை என்று எழுதினார். உமாதேவிகூட யாருக்கும் தெரியாமல் மூன்று தடவை பார்த்தாள், தன் புருஷன் இத்தனை லட்சணமா என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் நாலாவது தடவை பார்க்கும்போது ஒன்று உறுத்தியது.

"ஏலே சசி, அவுக உக்காந்து மரத்தப் பாத்தாகளே, அது எங்க?"

"அத வெட்டியாச்சுக்கா."

"டீ குடிச்சது? எறும்பு கடிச்சு குதிச்சது?"

"அதையெல்லாம் யாருக்கா பாப்பா?"

"நான் பாப்பேன்."

"உள்ளத உள்ளபடி காட்டுறதுக்கு முக்குக்கு முக்கு சிசிடிவி இருக்கு. அப்பறம் நான் எதுக்கு? மச்சான் கிளையக் கழிக்கிறாரு, நான் நேரத்தக் கழிக்கிறேன். ரெண்டும் அழகுக்குத்தான்" என்றான் சசிதரன். அவன் அப்படி நம்பினான், அதில் கள்ளமில்லை. வெட்டிப் போட்டது எங்கே போய் விழும் என்று பார்க்கிற பழக்கம் மட்டும் அவனுக்கு இல்லை.

சசிதரன் அடுத்தடுத்த வேலைகளையும் போனில் படம் பிடித்து ஏற்ற, முதலில் சின்னச் சின்னதாகத்தான் தொடங்கியது. வீடியோ ஏறியதும் வேல்பாண்டியின் கையிலிருந்த கீறல்கள் மறைந்தன, தோள்வலி போனது. அவன் சந்தோஷமாகத்தான் இருந்தான். பிறகு புளியமரத்தடியிலும் தென்னந்தோப்பிலும் நிஜமாகவே ரோஜா இதழ்கள் கொட்டின, வீட்டுக்காரர்கள் இலையோடு சேர்த்து அதையும் கூட்டி அள்ளினார்கள். மூன்றாவது மாதத்தில் நேரத்துக்கு அவசரம் வந்துவிட்டது. வீடியோ ஏறுகிறவரை அது காத்திருக்கவில்லை, போனை நீட்டியதுமே போக ஆரம்பித்தது. வேல்பாண்டி எக்ஸெல் வண்டியை நிறுத்துவான், அடுத்த நொடி உச்சியில் இருப்பான், முடி பறக்கும், கிளை இறங்கும், வேலை முடிந்துவிடும். காலைச் சாப்பாட்டுக்குள் வீடு திரும்பினான். இப்படியே இரண்டு ஆடி போயிற்று. அவனுக்கு அந்த இரண்டு வருஷம் ஒரு மத்தியான நேரம் போலத்தான் இருந்தது, நடுவில் வந்த பொங்கல்களில் ஒன்று ஞாபகமே இல்லை. தட்டின் முன் உட்கார்ந்தால் பேச அவனிடம் எதுவும் மிச்சமில்லை. இன்றைக்கு என்ன நடந்தது என்று உமாதேவி கேட்டால், "ஏறுனேன், எறங்குனேன், காத்து நல்லா அடிச்சுச்சு" என்பான். அவளுக்கு அந்த வீட்டில் முதல் முறையாகத் தனியாக இருப்பது போல இருந்தது. அதைவிட, துண்டு விரிக்காமல் ஏறுகிறானே என்ற பயம் பெரிதாக இருந்தது.

தம்பிக்குக் கருவாடு கொடுக்கப் பழனிசெட்டிபட்டிக்குப் போன அன்றுதான் அவள் இரண்டாவது நான்கு மணியைப் பார்த்தாள். வெயில் பின்வாங்கியது, மரத்தூள் வாசனை வந்தது, அம்மாவாசியின் வடைச்சட்டிக்கு மேலே புகையோடு புகையாக ஒரு குரல், "ச்சேய், முசுறு கடிச்சிருச்சு, கயித்த இழு உமா, அங்கன இல்ல, இங்கன" என்றது. அவள் தெருவில் நின்று அழுதாள். இரண்டு வருஷமாகத் தன் வீட்டுக்கு வராத பேச்செல்லாம் இங்கே சாக்கடை ஓரமாகச் சுற்றிக்கொண்டிருந்ததை நினைக்க நினைக்க ஆத்திரமும் வந்தது. தெருக்காரர்கள் பதறிப்போய் அவளுக்கு ஸ்டூல் போட்டு வடை கொடுத்தார்கள். சசிதரனும் பதறித்தான் போனான். கம்ப்யூட்டரைத் துழாவிப் பார்த்துவிட்டு, வெட்டினதைத் திருப்பி ஒட்ட முடியாதென்றும், இனி நிறுத்தினாலும் போனை நீட்டாமலே போக அந்த நேரம் பழகிவிட்டதென்றும் தலையைச் சொறிந்தான். பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்த தம்பியை எப்படித் திட்டுவது என்று தெரியாமல் அவள் கருவாட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

மறு வாரம் ராயப்பன்பட்டி போகிற ரோட்டில் பாண்டியம்மாள் வீட்டில் வேலை வந்தது. மாட்டுக்கொட்டகை மேல் சாய்ந்து நின்ற கிழட்டு இலவமரம். இலவம் வெளியே பார்க்கப் பச்சையாக நிற்கும், உள்ளே இற்றுப்போயிருக்கும், அதை நம்பிக் கால் வைக்கவே கூடாது. வண்டியிலிருந்து இறங்கியபோதே உமாதேவி அடிமரத்தில் தூள் கொட்டிக்கிடப்பதைக் கண்டாள். "ஏங்க, செத்த இருங்க" என்று சொல்லி வாய் மூடுவதற்குள் அவன் மேலே இருந்தான். எங்கிருந்தோ பாட்டு கேட்டது. காற்றில் முடி பறக்க அவன் மெல்லத் திரும்பி, கொட்டகைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த பெரிய கிளையின் மேல் காலை எடுத்து வைக்கப் போனான். ரோஜா இதழ்கள் விழ ஆரம்பித்துவிட்டன. கத்தினால் பாட்டுக்கு மேலே கேட்காது. ஓடிப்போய் இழுக்கவும் வழியில்லை. வேலை சொல்ல வந்த அன்று பாண்டியம்மாள் தன் பேத்தியின் காதுகுத்தை வெளிநாட்டு மகனுக்கு நேரலையில் காட்டினதைச் சொல்லிப் பெருமைப்பட்டது அவளுக்குப் பளிச்சென்று வந்தது. நடக்கும்போதே போய்ச் சேருகிற படத்தை யாரும் வெட்ட முடியாதே. அவள் போனில் நேரலையைத் தட்டினாள்.

பாட்டு நின்றது. வேல்பாண்டி கீழே, எக்ஸெல்லுக்குப் பக்கத்தில், ஸ்டாண்டைக் காலால் தள்ளிக்கொண்டிருந்தான். தலையில் ஒரு ரோஜா இதழ் மட்டும் இருந்தது. கொஞ்ச நேரம் குழம்பிப்போய் அவளைப் பார்த்தான். பிறகு தோளிலிருந்த துண்டை எடுத்து, உதறி, மரத்துக்கு எதிரே விரித்து உட்கார்ந்தான். உமாதேவி போனை ஆட்டாமல் பிடித்துக்கொண்டாள். முதலில் பார்க்க வந்தவர்கள் நெட் நின்றுவிட்டதா என்று கேட்டார்கள். ஆள் அசையவே இல்லையே, சிலையா என்றார்கள். பாண்டியம்மாள் கொண்டுவந்த டீயை அவன் ஊதிக் குடித்தபோது, துபாயிலிருந்து அஜய்குமார் என்பவர் தானும் ஒரு டீ போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்திருப்பதாக எழுதினார். அவன் பார்த்தான். அடியிலிருந்து ஏறுகிற கட்டெறும்புச் சாரை எங்கே போகிறது என்று கண்ணாலேயே பின்தொடர்ந்தான். அது அந்தப் பெரிய கிளை பிரிகிற கவட்டைக்குள் நுழைந்து, திரும்பி வெளியே வரவே இல்லை. "உள்ள பொந்து" என்று சொல்லி எழுந்து, பக்கத்து வேப்பமரத்தில் ஏறிக் கயிற்றைப் போட்டு அங்கிருந்தே இலவத்தைத் துண்டு துண்டாக இறக்கினான். கவட்டைப் பக்கம் ரம்பத்தை வைத்ததும் கிளை தானாகவே பட்டென்று முறிந்து, கொட்டகையை விட்டுத் தள்ளிக் கட்டியிருந்த கயிற்றில் தொங்கியது. அவன் கால் வைக்கப்போன இடம் வெறும் பொடியாக உதிர்ந்தது. ஒரு கையில் போனும் ஒரு கையில் கயிறுமாக நின்ற உமாதேவி அதைப் பார்த்தாள். போனைப் பாண்டியம்மாளிடம் கொடுத்துவிட்டு, கயிற்றை விடாமலே, அவனை வாய்க்கு வந்தபடியெல்லாம் திட்டினாள். அதுவும் நேரலையில்தான் போனது. துபாயில் அஜய்குமார் இரண்டாவது டீ போட்டார்.

அன்று பழனிசெட்டிபட்டியில் நான்கு மணி ஒரு முறைதான் வந்தது. அடுத்த நாளே அம்மாவாசியும் அய்யம்மாளும் சசிதரனிடம் விசாரித்துக்கொண்டு உத்தமபாளையம் வந்து நின்றார்கள். வடை ஊசிப்போய்விட்டது, மூன்று கல்யாணத்து ஜாக்கெட் கொக்கியில்லாமல் கிடக்கிறது என்று அய்யம்மாள் கண்ணைக் கசக்கினாள். "ஆத்தா, உங்க வீட்டு நேரம்னு எங்களுக்குத் தெரியாமப் போச்சு. தெரிஞ்சிருந்தா வடையாச்சும் குடுத்துவிட்டிருப்போம்" என்றார் அம்மாவாசி. உமாதேவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தம்பியைக் கூப்பிட்டுப் பேசி ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள். பகல் முழுக்க நேரலையாகப் போகும், அதில் ஒரு தூசியைக்கூட யாரும் தொடக் கூடாது. வேல்பாண்டி முழுசாக வாழ்ந்து முடித்த பிறகு, அந்தப் பழைய நேரத்தை எடுத்து சசிதரன் தன் கலையைச் செய்துகொள்ளலாம், வெட்டி மிஞ்சியது தெருவுக்கு. ஒருமுறை உபயோகித்த நேரம் என்பதால் இரண்டாவது நான்கு மணி இப்போது கொஞ்சம் வெளுத்திருக்கிறது என்கிறார்கள், கொக்கி வைக்க அந்த வெளிச்சம் போதும். நேரலைக்கும் கூட்டம் சேர்ந்துவிட்டது. தூங்காத பிள்ளைகளுக்கு வேல்பாண்டி மரத்தைப் பார்ப்பதைப் போட்டுக் காட்டினால் கண் சொருகிவிடுகிறதாம். தன் படத்தை அழுதுகொண்டு பார்ப்பதா, அக்காவின் படத்தைத் தூங்கிக்கொண்டு பார்ப்பதா என்று சசிதரன் ஜனங்களைக் கேலி செய்கிறான். இரண்டையும் பார்க்கிறார்கள்.

வேல்பாண்டியின் கையில் இப்போது கீறல் ஆறுவதே இல்லை, தோள்வலி திரும்பிவிட்டது, பொழுது சாயத்தான் வீடு வருகிறான். தட்டில் கை வைத்ததும் புலம்பல் ஆரம்பமாகும். எறும்பில் தொடங்கிக் கயிற்றுக்கு வருவதற்குள், அங்கே பழனிசெட்டிபட்டியில் சசிதரன் அன்றைய நான்கு நிமிடத்தை ஏற்றிவிடுவான். உடனே அடுப்படியில் காற்று கிளம்பும், வேல்பாண்டி பேச்சை நிறுத்தி மெல்லத் திரும்புவான், முடி பறக்கும், பாட்டு உருகும். உமாதேவி ரசத்தில் இதழ் விழாதபடி தட்டைக் கொண்டு மூடிவிட்டு, லட்சணமாகத்தான் இருக்கிறான் என்று நினைத்தபடி அது முடிகிற வரை காத்திருப்பாள். முடிந்ததும் அவன் தலையிலிருக்கும் இதழைத் தட்டிவிட்டு, "ம், எறும்பு கடிச்சுச்சு, பெறகு?" என்பாள்.